பெட்ஷீட், போர்வை, தலையணை, பாய்: எடுத்து வைப்பதில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுக்கைத் துணிகளை எப்படி அடுக்குவது, எங்கே வைப்பது, ஏன் வாடை அடிக்கிறது என்று கேட்பவர்கள் திரும்பத் திரும்ப இருபத்திரண்டு சந்தேகங்களுக்குள்தான் சுற்றுகிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, கடலோர ஈரக்காற்று ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியவை. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை; எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. துவைச்சு, காய வச்சு, மடிச்சுதான் வைக்கிறேன். அப்புறமும் எடுக்கும்போது ஏன் மக்குன வாடை வருது?

வாடை பீரோவுக்குள் உண்டாவதைவிடத் துணியோடு உள்ளே போவதுதான் அதிகம். மிச்ச ஈரம், சரியாக அலசாத சோப்பு, தலையிலிருந்து இறங்கிய எண்ணெய் ஆகிய மூன்றும் துணியில் இருந்தால் எவ்வளவு நல்ல அலமாரியும் உதவாது. பெட்ஷீட்டின் நடுப்பகுதி காய்ந்துவிடும். ஓரத் தையல் பல மடிப்புத் துணி, அது கடைசியில்தான் காயும். அந்த ஈரத்தோடு மடித்து அடுக்கினால் அடுக்கு முழுவதற்கும் அது பரவும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பருத்தியில் பூசணம் பிடிக்கும். மழைக்காலச் சென்னையில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம்.

சோப்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மெஷினில் பொடியை அள்ளிப் போட்டால் துணி கூடுதலாக வெளுக்காது. அலசலில் போகாமல் தங்கும் சோப்பு, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துவைத்த பெட்ஷீட்டை ஒரு வாளி சுத்தத் தண்ணீரில் முக்கிக் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால் பொடியை அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

2. நல்லா காஞ்சிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத் தையல் கன்னத்தில் ‘சில்’லென்று பட்டால் ஈரம் இருக்கிறது. தலையணை உறையாக இருந்தால் உள்ளே கையை விட்டு அடி மூலையைத் தொட்டுப் பாருங்கள்; உறையில் கடைசியாகக் காய்வது அதுதான்.

மாடியிலிருந்து சுடச்சுட எடுத்து அப்படியே மடித்து வைப்பதும் தவறு. சூடான துணி மூடிய இடத்தில் ஆறும்போது உள்ளே வியர்க்கும். நிழலில், கட்டில்மேல் விரித்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். இஸ்திரி போட்டதற்கும் இதே கணக்கு. கொடியிலிருந்து நாலு மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. பொழுது சாயச் சாய, காய்ந்த பருத்தி காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும்.

3. ஒரு கட்டிலுக்கு எத்தனை செட் வச்சுக்கணும்?

மூன்று. ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால் ஐந்து. விருந்தாளிகளுக்கென்று தனியாக இரண்டு செட் போதும். பத்துப் பேர் வந்தால் ஜமக்காளம் இருக்கிறது.

இதற்குமேல் இருப்பவை நெருக்கத்தைத்தான் கூட்டும். நெருக்கமாக அடுக்கிய துணிக்குள் காற்று போகாது. பழையதைக் கழிக்க மனமில்லாதவர்கள் நடுவில் நைந்த பெட்ஷீட்டின் இரு ஓரங்களையும் வெட்டி எடுத்துத் தலையணை உறை தைத்துக்கொள்ளலாம். ஓரங்கள் உழைக்காமல் புதிது போலவே இருக்கும்.

4. பெட்ஷீட்டை எந்த அளவுக்கு மடிச்சா பீரோவுல சரியாமல் நிக்கும்?

வழக்கமான இரும்பு பீரோவின் ஆழம் வெளியளவு 19 அங்குலம். மடித்த துணியின் நீளம் 15 அங்குலம் இருந்தால் பின்னால் காற்றோட்டத்துக்குச் சற்று இடம் விட்டு அழகாக உட்காரும். 60-க்கு 90 அங்குல ஒற்றைப் பெட்ஷீட்டின் நீளவாட்டை மூன்று முறை பாதியாக மடித்தால் 11¼ அங்குலம். அகலவாட்டை இரண்டு முறை மடித்தால் 15. டபுள் பெட்ஷீட் 90-க்கு 108 என்றால் 108-ஐ மூன்று முறை பாதியாக்குங்கள், 13½ வரும். 90-ஐ முதலில் மூன்றாக மடித்து, பிறகு பாதியாக்குங்கள், 15 வரும்.

மடிப்பின் முதுகு, அதாவது வழுவழுப்பான ஒற்றை விளிம்பு, முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிரிந்த ஓரங்கள் முன்னால் இருந்தால் ஒன்றை உருவும்போது அடுத்ததும் சேர்ந்து வரும். ஓர் அடுக்கில் எட்டுக்கு மேல் வேண்டாம். துவைத்து வந்ததை அடியில் செருகி, மேலிருந்து எடுங்கள். இல்லையென்றால் மேலே உள்ள மூன்றே தேய்ந்துகொண்டிருக்கும், அடியில் உள்ளவை மடிப்பில் பழுப்பேறும்.

5. எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்டை மடிக்கவே வரலை. சுருட்டித்தான் வைக்கிறேன்.

நாலு மூலையையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுவிட்டால் அதுவும் சாதாரணத் துணிதான். ஷீட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, அகலவாட்டில் அடுத்தடுத்த இரண்டு மூலைகளுக்குள் கைகளை விடுங்கள். மூலைத் தையல் விரல் நுனியில் இருக்க வேண்டும். வலது கை மூலையை இடது கை மூலைமேல் கவிழ்த்துப் போடுங்கள். கவிழ்த்த மூலை நேர்ப்பக்கமாகத் திரும்பி, இடது மூலைமேல் தொப்பி போல உட்காரும். இப்போது காலியான வலது கையால், தொங்குகிற விளிம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் மூன்றாவது மூலை கிடைக்கும். அதையும் இடது கைமேல் ஏற்றுங்கள். நான்காவதும் அப்படியே.

இனி கட்டில்மேல் போடுங்கள். இரண்டு பக்கம் எலாஸ்டிக் சுருக்கமும் இரண்டு பக்கம் நேரான மடிப்பும் தெரியும். சுருக்கம் உள்ள இரண்டு ஓரங்களையும் ஒரு சாண் உள்ளே மடித்துத் தட்டையாக்கினால் செவ்வகம் தயார். அதன் பிறகு 4-இல் சொன்ன அளவுக்கு மடியுங்கள். முதல் மூன்று முறை கோணலாகத்தான் வரும்.

6. தலையணை உறைக்கு ஜோடி தேடியே பாதி நேரம் போகுது.

பெட்ஷீட்டையும் ஓர் உறையையும் மடித்து, அதே செட்டின் இன்னோர் உறைக்குள் போட்டு வையுங்கள். ஒரு பொட்டலத்தை எடுத்தால் ஒரு கட்டில் முடிந்தது. பல கட்டில்கள் உள்ள வீட்டில் உறையின் உள் ஓரத்தில் நூலால் அடையாளம் போடலாம். ஒற்றைக்குச் சிவப்பு, டபுளுக்கு நீலம். மை அடையாளம் ஐந்தாறு துவையலில் மங்கிவிடும்.

7. பீரோ, மர அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டி. எதை எங்கே வைக்கிறது?

வாரம் ஒருமுறை கை படும் துணிகள் கண் மட்டத் தட்டில். மாதம் ஒருமுறை எடுப்பவை மேலும் கீழும். வருடத்துக்கு ஒருமுறை வேண்டிய கம்பளி, ரசாய் போன்றவை பரணுக்குப் போகலாம், ஒரு நிபந்தனையோடு: மொட்டை மாடித் தளத்துக்கு நேர்கீழே உள்ள பரண் கோடையில் அடுப்பு போலக் கொதிக்கும், மழையில் கூரை கசிந்தால் முதலில் நனையும். அங்கே ரெக்ரான் தலையணையும் பாலியஸ்டர் போர்வையும் தாக்குப்பிடிக்கும். ஃபோம், ரப்பர், பட்டு, கம்பளி வேண்டாம்.

கட்டில் பெட்டியில் காற்று அசைவதே இல்லை. தரைத்தளத்து வீட்டில் தரையின் ஈரமும் ஏறும். அதில் வைப்பவற்றைப் பருத்திப் பையில் போட்டு, மாதம் ஒரு நாள் பலகையைத் தூக்கி அரைமணி நேரம் திறந்துவையுங்கள். குளியலறைச் சுவரோடு ஒட்டிய சுவர் அலமாரிதான் எல்லாவற்றிலும் மோசம். வேறு வழியில்லை என்றால் துணியைச் சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி அடுக்குங்கள். சுவரில் சுண்ணாம்பு பூத்திருந்தாலோ மண் கோடு தெரிந்தாலோ அங்கே துணியே வைக்க வேண்டாம். மண் கோடு கரையானுடையது, பருத்தி அதற்குச் சாப்பாடு.

8. பீரோ தட்டுல நியூஸ் பேப்பர் விரிக்கலாமா? வெள்ளை பெட்ஷீட்ல பழுப்புக் கோடு விழுந்திருக்கு.

வேண்டாம். செய்தித்தாளின் மை வெள்ளைத் துணியில் ஒட்டும். தாள் பழுப்பேற ஏறத் துணியையும் பழுப்பாக்கும். காடாத்துணியோ பழைய வெள்ளை வேட்டியோ விரியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதையும் துவைக்கலாம். மர அலமாரிக்கும் ப்ளைவுட் அலமாரிக்கும் இதே விரிப்புதான். மரத்திலிருந்து வரும் அமில வாடையும் வெள்ளையை மஞ்சளாக்கும்.

கோடாக விழுந்த பழுப்பு அநேகமாகத் துரு. தட்டின் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துணி பட்டிருக்கும். கறைமேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். போகும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். சாயத் துணியாக இருந்தால் முதலில் ஓர் ஓரத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிளீச்சை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். துருக்கறையை அது இன்னும் அழுத்தமாகப் பிடிக்கவைக்கும். தட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, வாடை போனபின் துணி வையுங்கள்.

9. அந்துருண்டை போட்டே ஆகணுமா? வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

கைக்குழந்தையின் துணியோ போர்வையோ இருக்கும் அலமாரியில் நாப்தலின் உருண்டை கூடவே கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குறை இருப்பது பல வீடுகளில் அப்படி ஏதாவது நடந்த பிறகுதான் தெரியவருகிறது. தவழும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு.

பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டிலும் பருத்தித் துணிக்கு அது தேவையில்லை. ஏன் என்பது 11-இல். கம்பளிக்குப் போடுவதானால் துணிப் பொட்டலமாகக் கட்டி மேல்தட்டில் வையுங்கள். ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். பூஜைக் கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சேர்த்து வைக்காதீர்கள்: இரண்டும் கலந்தால் இளகித் தண்ணீராகித் துணியில் எண்ணெய்க்கறை போல ஊறும். அந்துருண்டை வைத்த துணியை ஒரு நாள் காற்றாட விட்ட பிறகே விரிக்க வேண்டும்.

10. அப்போ வேப்பிலை, வசம்பு, கிராம்பு எல்லாம் வேலை செய்யுமா?

கொஞ்சம். பூச்சியை அண்டவிடாமல் ஓரளவு தடுக்கும். உள்ளே வந்துவிட்டதைக் கொல்லாது. வேப்பிலையை நிழலில் மொறுமொறுவெனக் காயவைத்து, மெல்லிய துணிப்பையில் கட்டி வையுங்கள். பச்சையாகவோ வெறுமனேயோ போட்டால் துணியில் பச்சைக்கறை படியும், அதன் ஈரமே பூசணத்தைக் கூப்பிடும். வாசம் போனதும், அதாவது இரண்டு மூன்று மாதத்தில், மாற்றிவிட வேண்டும். போன வருடத்து வேப்பிலை வெறும் சருகு. நல்ல மணம்தான் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி வெட்டிவேரை முடிந்து போடுங்கள்.

11. காட்டன் போர்வையில ஓட்டை ஓட்டையா இருக்கு. அந்துப்பூச்சிதானே?

இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, இறகு, முடி. சுத்தமான பருத்தியை அது தொடாது. போர்வையை மடித்திருந்தபடியே மறுபடி மடித்துப் பாருங்கள். ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால் எலி. ஓர் இடத்தில் கடித்தது பல மடிப்பைத் துளைத்திருக்கும். துணி ஆங்காங்கே சுரண்டினாற்போல் மெலிந்து, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் இராமபாணப் பூச்சி. வெள்ளியாய் மின்னி வழுக்கி ஓடும் அது, துணியைவிடத் துணியில் உள்ள கஞ்சிக்காகத்தான் வருகிறது. மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பொடியும் ஒரு காரல் வாடையும் இருந்தால் கரப்பான். சாப்பாட்டுக்கறையோ எண்ணெயோ இருந்த இடத்தைக் கடித்திருக்கும்.

குண்டூசி முனை அளவில் கூட்டமாக ஓட்டைகள் இருந்தால் பூச்சியைத் தேட வேண்டாம். சரியாகக் கரையாத பிளீச்சிங் பவுடரின் குருணை பட்ட இடங்கள் அவை. துவைத்த அன்று தெரியாது. இரண்டு மூன்று துவையலுக்குப் பிறகு அந்த இடம் பொடிந்து விழும்.

இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வருவதால், நாள்பட எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். மொடமொடப்பு வேண்டுமென்றால் எடுத்து விரிக்கிற வாரம் போட்டுக்கொள்ளலாம்.

12. ஊட்டி போனப்போ வாங்கின கம்பளி. வருஷத்துல பத்து நாள்தான் வேணும்.

அழுக்கோடு வைக்காதீர்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட கம்பளியைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடிப்போகும். துவைக்க முடியாத கனமானதென்றால் உலர்சலவைக்குக் கொடுங்கள், அல்லது வெயிலில் இரண்டு மணி நேரம் விரித்து, மடிப்பும் தையலும் தெரியும்படி முரட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அந்த இடங்களில்தான். பிறகு நெருக்க நெய்த பருத்தி உறையில் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். முடிச்சுப் போட்டால் இடுக்கு இருக்கும்.

பூச்சி பட்டுவிட்டதென்று சந்தேகமா? சின்னக் கம்பளியானால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த கம்பளியில் நீர் கோத்துக்கொள்ளும்.

13. இலவம்பஞ்சு தலையணையைத் துவைக்கலாமா? கட்டி கட்டியா ஆயிடுச்சு.

துவைக்கக் கூடாது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாகவும் வெளியே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால்தான் அது இலேசாக, உப்பலாக இருக்கிறது. நனைத்துக் கசக்கினால் குழல் நசுங்கும். திரும்ப உப்பாது. மாதம் ஒருமுறை காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் போட்டு, நடுவில் ஒருமுறை திருப்பி, இரண்டு கையாலும் தட்டி உதிர்த்துவிடுங்கள். மேலே கெட்டிக் காடாவில் ஓர் உள்ளுறை, அதன்மேல் வழக்கமான உறை என்று இரண்டு போட்டால் எண்ணெய் பஞ்சுவரை இறங்காது. பழுப்பேறிக் கட்டிதட்டிய பஞ்சை மாற்ற வேண்டியதுதான். பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும், புதுப் பஞ்சு வரும். போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சுக்குப் பேர் உண்டு. மாற்றும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காற்றில்லாத நேரத்தில் வெளியே உட்கார்ந்து செய்யுங்கள்.

சேமிக்கும்போது படுக்கைவாட்டில் இரண்டுக்கு மேல் அடுக்க வேண்டாம். பூஜை விளக்கு, அடுப்பு, ஸ்விட்ச் போர்டு பக்கமும் வேண்டாம். இலவம்பஞ்சு குப்பென்று பற்றும்.

14. காத்தை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் பை நல்லதா?

பாலியஸ்டர் ரசாய்க்கும் ரெக்ரான் தலையணைக்கும் நல்லது. இடம் பாதிக்குமேல் மிச்சமாகும். இலவம்பஞ்சு, இறகு, கம்பளி, மெமரி ஃபோம் ஆகியவற்றை அப்படி மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் பழைய உப்பல் திரும்பாது. பையில் போடும் துணி 2-இல் சொன்ன கன்னப் பரிசோதனையில் இரண்டு முறை தேற வேண்டும். ஈரத்தோடு மூடிவிட்டால் வெளியேற வழியே இல்லை. முக்கால் பை மட்டும் நிரப்புங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பை உப்பியிருந்தால் எங்கோ ஓட்டை அல்லது ஜிப்பில் நூல் மாட்டியிருக்கிறது.

15. கோரைப்பாயும் ஜமக்காளமும் ஓரம் மடங்கிப் பிஞ்சு போகுது. எப்படி வைக்கணும்?

இரண்டையும் சுருட்ட வேண்டும், மடிக்கக் கூடாது. மடித்த கோரை மடிந்த இடத்திலேயே ஒடியும். பத்தமடைப் பாய் போன்ற நுண்ணிய நெசவுக்கு இது இன்னும் கண்டிப்பு. ஈரத்துணியைப் பிழிந்து கோரையின் வாட்டத்திலேயே துடைத்து, நிழலில் நிற்கவைத்துக் காயவிட்டு, தளர்வாகச் சுருட்டுங்கள். கயிறு கட்டினால் தடம் விழும். நாலு விரல் அகலத் துணிப்பட்டையால் கட்டுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தினால் அடி ஓரம் நசுங்கிக் கோரை பிரிய ஆரம்பிக்கும். அலமாரிமேல் படுக்கவையுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். அதிக வெயில் கோரையை வறட்டிவிடும்.

பவானி ஜமக்காளம் கனம் அதிகம். சுருட்டும்போது உள்ளே பழைய புடவை ஒன்றை வைத்துச் சுருட்டினால் சாயம் அடுத்த சுற்றில் படாது. கல்யாணத்துக்கு இரவல் போய் வந்த ஜமக்காளத்தைத் தட்டாமல் உள்ளே வைக்காதீர்கள். அதில் சோற்றுப் பருக்கையிலிருந்து மூட்டைப்பூச்சி வரை எதுவும் வரலாம்.

16. குழந்தைக்குப் போட்ட ரப்பர் ஷீட் ஒட்டிக்கிட்டு பிரிக்கவே முடியலை.

மடித்து, சூடான இடத்தில் வைத்ததன் பலன். இழுத்தால் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு மெல்லப் பிரித்துப் பாருங்கள். இனிமேல் கழுவி, இரு பக்கமும் நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி, உருளையாகச் சுருட்டி வையுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் சீக்கிரம் பிசுபிசுக்கும்.

17. வெள்ளை பெட்ஷீட் மடிச்ச இடத்துல மட்டும் மஞ்சளா ஆகுது.

துவைத்தபோது போகாத எண்ணெயும் வியர்வையும் மூடிய இடத்தில் மெல்ல மஞ்சளாக மாறுகின்றன. மடிப்பு முனையில் காற்றும் தூசியும் படுவதால் அங்கே முதலில் தெரியும். தலைப்பக்கத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் இரண்டு சொட்டு தேய்த்து, 15 நிமிடம் விட்டு, வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி வெள்ளைப் பருத்திக்குத் தாங்கும். நீலம் போட்டு மறைப்பது அன்றைக்கு மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கோட்டில் மாற்றி மடிப்பதும் உதவும்.

பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருந்த புதுப் பெட்ஷீட்டும் மஞ்சளாகும். கடையில் கொடுத்த உறை விற்கிற நாள்வரைக்குத்தான்.

18. கரும்புள்ளி விழுந்திருக்கு. பிளீச்சும் வினிகரும் சேர்த்து ஊறப்போடலாமா?

சேர்க்கவே கூடாது. பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சை அடைக்கும். கரும்புள்ளி என்பது பூசணம். முதலில் துணியை மாடிக்குக் கொண்டுபோய் உலர்ந்த நிலையில் பிரஷ்ஷால் தட்டுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். வெள்ளைப் பருத்தியானால் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுத்துச் சுத்தத் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். குருணை பட்டால் என்ன ஆகும் என்பது 11-இல் இருக்கிறது. சாயத் துணிக்கு ஆக்சிஜன் வகைக் கறைநீக்கிப் பொடியை வெந்நீரில் கரைத்து ஊறப்போடுங்கள்.

வாடை போகும், புள்ளி நாள்பட்டதாக இருந்தால் நிழலாகத் தங்கிவிடலாம். அந்தத் தட்டைத் துடைக்காமல் துணியைத் திரும்ப வைத்தால் இரண்டு மாதத்தில் மறுபடி வரும்.

19. மழைக்காலத்துல எதுவுமே காயலை. எப்படித்தான் எடுத்து வைக்கிறது?

அந்த மாதங்களில் கனமான துணியைத் துவைப்பதையே தள்ளிப்போடுங்கள். ரசாய், கம்பளி, ஜமக்காளம் எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். பெட்ஷீட்டை மெஷினில் இரண்டாம் முறை சுழலவிட்டுப் பிழியுங்கள். ஒற்றைக் கொடியில் மடக்கிப் போடாமல், ஓர் அடி இடைவெளியில் இரண்டு கொடி கட்டிக் கூடாரம் போலப் போட்டால் நடுவில் காற்று ஓடும். மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு, காலையில் ஓரங்களுக்கு மட்டும் சூடான இஸ்திரி, பிறகு ஆறவிட்டு மடிப்பு.

சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும், ஆனால் மூடிய பெட்டிக்குள்தான். நாளுக்குப் பத்து முறை திறக்கும் பீரோவில் அது வீட்டுக் காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்துத் தோற்றுப்போகும். நிறம் மாறும் வகையாக இருந்தால் மாறியதும் 120 டிகிரி சூட்டில் ஓவன் அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீர் சேரும் டப்பா வகையைத் துணிக்கு மேல்தட்டில் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் பட்ட துணி காயவே காயாது.

20. ஒரு ரூம்ல மூட்டைப்பூச்சி வந்திடுச்சு. அலமாரில மடிச்சு வச்சிருக்கிறதையும் துவைக்கணுமா?

அதே அறையின் அலமாரி என்றால் ஆம். துணியை அள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடக்காதீர்கள். அங்கேயே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, மெஷின் வாயருகே பிரித்துக் கொட்டுங்கள். 60 டிகிரியில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். காலிப் பையை வேறொரு பையில் கட்டித் தூக்கியெறியுங்கள். சுத்தமானவை அறை சரியாகும்வரை புதுப் பையிலேயே இருக்கட்டும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது. இரண்டு வாரம் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

மொட்டை மாடியில் விரித்தால் போதுமா என்று அடுத்த கேள்வி வரும். விரித்தால் அது நிழல் பக்கத்துக்கு ஓடிவிடும். கறுப்புப் பையில் கொஞ்சமாகத் துணி போட்டுக் கட்டிச் சித்திரை வெயிலில் வைத்தால் வேலை நடக்கலாம், ஆனால் பையின் நடுவிலும் 50 டிகிரி ஏற வேண்டும். கனத்த மூட்டையாகக் கட்டினால் ஏறாது. மண்ணெண்ணெய் தெளிக்கும் பழைய வழியைக் கைவிடுங்கள். படுக்கைத் துணியில் மண்ணெண்ணெய் இருந்தால் தீப்பொறி ஒன்று போதும். அலமாரியின் ஆணித்துளை, கீல், தட்டின் அடிப்பக்கம் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

21. எல்லாத்தையும் வெளியே எடுத்துப் பார்க்க எது நல்ல நேரம்?

போகிக்கு முந்தின வாரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்காது, சாயம் வெளுக்காது. வீட்டைக் காலி செய்கிற வேலையும் எப்படியும் நடக்கும். பழைய பாயையும் ஃபோம் தலையணையையும் தெருவில் கொளுத்த வேண்டாம். ஃபோம் புகை நஞ்சு. இன்னொரு முறை சித்திரையில், இலவம்பஞ்சுக்கும் மெத்தைக்கும்.

22. பாட்டி புடவைகளை ஒட்டித் தைத்த போர்வை இருக்கு. துவைக்கவும் பயம், சும்மா வைக்கவும் பயம்.

முதலில் சாயத்தைப் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் அரை நிமிடம் அழுத்துங்கள். ஏதாவது ஒன்று இறங்கினால் தண்ணீரில் போடவே வேண்டாம், நிழலில் காற்றாடவிடுவது மட்டும்தான். இறங்கவில்லை என்றால் அகலமான தொட்டியில் குளிர்ந்த நீரும் மிக மிதமான சோப்பும் போட்டு, கசக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். பிழியாதீர்கள், கொடியில் தொங்கவிடாதீர்கள்; ஈரப் போர்வையின் கனத்தைப் பழைய தையல் தாங்காது. துண்டின்மேல் சமதளமாக விரித்துக் காயவையுங்கள்.

ஜரிகை உள்ள துண்டுகள் இருந்தால் அவை உள்பக்கம் ஒன்றோடொன்று உரசாமல் இடையில் மெல்லிய காடா வைத்து, அகலமான உருளையில் சுருட்டுங்கள். மடித்தே ஆகவேண்டும் என்றால் மடிப்பு வரும் இடத்தில் பழைய துணியைக் கையின் தடிமன் அளவுக்குச் சுருட்டி வையுங்கள், மடிப்பு கூர்மையாக விழாது. ஜரிகைக்குப் பக்கத்தில் அந்துருண்டை கூடாது, கறுத்துவிடும். பையின்மேல் தேதியிட்ட ஒரு சீட்டைத் தைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, வேறு கோட்டில் மடித்து, அதே சீட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.